ஒரே அறை, இரண்டு நெட்வொர்க்

ஆடிப் பதினெட்டு வந்தால் சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அதனால் மற்ற ஊர்க்காரர்கள் கோடை விடுமுறையில் இருக்கும்போதே அங்குள்ள டிசைன் அறைகளில் அடுத்த தைப் பொங்கலுக்கான வேலை மும்முரமாகிவிடுகிறது. ஒரு திரையில் முருகன், அடுத்ததில் அலைமகள், அதற்கடுத்ததில் சுவிட்சர்லாந்து மலை. படத்தைச் சீர்செய்பவர் ஒருவர், எழுத்துக் கோப்பவர் ஒருவர், கடை பெயரும் போன் நம்பரும் சேர்ப்பவர் ஒருவர், பிளேட் போடுபவர் ஒருவர் என்று ஒரு காலண்டர் அச்சு இயந்திரத்தைத் தொடுவதற்குள் நாலைந்து மேசை மாறுகிறது.

அந்தக் கோப்பு எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அங்குல அகலம், 20 அங்குல உயரம், அங்குலத்துக்கு 300 புள்ளி. 4,500-ஐ 6,000-ஆல் பெருக்கினால் 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நாலு மைக்கும் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 10 கோடியே 80 லட்சம் பைட், அதாவது 108 எம்பி. இது ஒற்றை லேயருக்கு. முருகனுக்கு ஒரு லேயர், மயிலுக்கு ஒன்று, ஒளிவட்டத்துக்கு மூன்று என்று போகப் போக, சுருக்கிச் சேமித்தாலும் கோப்பு அரை ஜிபி, ஒரு ஜிபி என்று ஆகிவிடும்.

இதை ஆறடி தள்ளியிருக்கும் பக்கத்து மேசைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் காரியம். பாதி அலுவலகங்களில் இன்றைக்கும் அது பென்டிரைவில் நடந்து போகிறது. அவசரம் என்றால் வாட்ஸ்அப். டாக்குமென்ட்டாக அனுப்பாமல் போட்டோவாக அனுப்பிவிட்டால் அச்சில் முகம் மங்கிப்போகும். கொஞ்சம் விவரமானவர்கள் கூகுள் டிரைவ். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 500 எம்பி மேலே ஏற 80 நொடி, பக்கத்து மேசைக்காரர் இறக்க இன்னொரு 80 நொடி. அதுவும் லைன் முழு வேகத்தில் இருந்தால். சிவகாசியில் கிளம்பிய முருகன் எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குப் போய் அதே அறைக்குத் திரும்பி வருகிறார்.

ஏன் நெட்வொர்க்கில் போட்டு எடுக்கவில்லை என்று கேட்டால் வரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "அண்ணாச்சி லேப்டாப்பு வைஃபைல இருக்கு, எங்க சிஸ்டமெல்லாம் வயர்ல இருக்கு. ரெண்டுக்கும் ஒத்துவராது." ஆடிட்டர் ஆபீசில் கேட்டாலும், கட்டட வரைபடம் போடுபவரிடம் கேட்டாலும் இதே வாக்கியம்.

வயரும் வைஃபையும் ஒத்துப்போகாது என்பது சுத்தமான வதந்தி. இரண்டும் ஒரே குடும்பம். சரியாகச் சொன்னால், காற்றில் போனதுதான் மூத்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் தீவுகளுக்கு நடுவே வானொலி அலையில் கணினிகளைப் பேசவைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ராபர்ட் மெட்கால்ஃப் அதைப் படித்து, அதன் ஓட்டைகளை அடைத்து, 1973-இல் ஒரு கேபிளுக்குள் கொண்டுவந்தார். அதுதான் ஈதர்நெட்; இன்று நாம் லேன் கேபிள் என்று சொருகுவது. வைஃபைக்கான முதல் தரநிர்ணயம் வந்தது 1997-இல். இன்றைய ரவுட்டருக்குள் ரேடியோ பகுதிக்கும் கேபிள் பகுதிக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. காற்றில் வந்த பொட்டலத்தை அது உறை மாற்றி வயரில் விடுகிறது; வயரில் வந்ததைக் காற்றில் விடுகிறது. எந்தக் கணினி எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது மறுமுனைக்குத் தெரியவே தெரியாது.

பிறகு ஏன் ஒரு கணினி இன்னொன்றுக்குத் தெரியமாட்டேன் என்கிறது? காரணம் பெரும்பாலும் அந்த அலுவலகத்தின் வரலாற்றில் இருக்கிறது.

சிறிய அலுவலகத்து நெட்வொர்க்கை யாரும் திட்டம் போட்டுக் கட்டுவதில்லை; அது பெட்டி பெட்டியாகச் சேருகிறது. முதலில் ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த கேபிள் டிவிக்காரர் சுவரில் ஒரு மோடம் பெட்டியை அடித்துவிட்டுப் போவார். ஓஎன்டி என்பது இதைத்தான். கணினி சர்வீஸ்காரர் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்து, அதை மோடத்தில் சொருகி, மேசைக் கணினிகளுக்கு வயர் இழுத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து முதலாளி அறையில் சிக்னல் வரவில்லை என்று ஆன்லைனில் ஒரு வைஃபை ரவுட்டர் வரும். அதில் நீல நிறத்தில் அல்லது தனியாக ஒரு ஓட்டை இருக்கும். வான் என்றோ இன்டர்நெட் என்றோ எழுதியிருக்கும். மோடத்திலிருந்து வந்த கேபிளை அதில் சொருகச் சொல்லி அட்டைப் பெட்டியில் படமும் போட்டிருக்கும். சொருகினால் போனில் யூடியூப் ஓடும். எல்லோருக்கும் திருப்தி.

அந்த நிமிடத்தில்தான் அலுவலகம் இரண்டாகிறது. எந்தக் கணினியிலும் சிஎம்டி திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டிப் பாருங்கள். சுவிட்சில் இருக்கும் டிசைன் கணினிக்கு 192.168.1.10 என்று ஒரு முகவரி. அதைக் கொடுத்தது மோடம். முதலாளி லேப்டாப்புக்கு 192.168.0.5, கொடுத்தது புது ரவுட்டர். முகவரியின் மூன்றாவது எண் ஒன்றில் 1, இன்னொன்றில் 0. இந்த ஒற்றை எண் வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்ட அலுவலகங்கள் ஏராளம்.

ரவுட்டர் என்பது அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. உள்ளேயிருந்து வெளியே போகிறவரைத் தடுக்கமாட்டார். அவருக்கு வரும் பதில் பார்சலை வாங்கி உள்ளே சேர்த்துவிடுவார். முன்பின் தெரியாதவர் தானாக வந்து ஐந்தாம் நம்பர் வீடு எங்கே என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். இன்டர்நெட்டுக்கும் நமக்கும் நடுவே இப்படி ஒருவர் இருப்பது நல்லது. அலுவலகத்துக்கு உள்ளேயே இரண்டாவது காவலாளியை உட்காரவைத்ததுதான் வினை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, சர்வீஸ்காரர்களையே குழப்புவது. லேப்டாப்பிலிருந்து மேசைக் கணினிக்குப் போக முடியும், அங்கிருந்து இங்கே வர முடியாது. லேப்டாப்பில் இரண்டு சாய்கோடு போட்டு 192.168.1.10 என்று அடித்தால், அனுமதி சரியாக இருக்கும் பட்சத்தில், ஃபோல்டர் திறக்கும். உள்ளேயிருந்து வெளியே போகிற ஆள் அல்லவா! ஆனால் மேசைக் கணினியில் 192.168.0.5 என்று அடித்தால் அந்தத் தேடல் மோடத்துக்குப் போய், அப்படி ஒரு வீடு இருப்பதே மோடத்துக்குத் தெரியாமல், அங்கேயே தொலைந்துபோகிறது. கோடை முழுக்க எண்ணை அடித்து வேலையை ஓட்டிவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுது, வைரஸா இருக்கும்" என்று விண்டோஸை மறுபடி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணை அடிக்காமல், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதைத் தட்டினால் எந்தப் பக்கத்திலும் மறுபக்கத்துக் கணினி தெரியாது. அங்கே பெயர்கள் தோன்றுவது ஒவ்வொரு கணினியும் "யார் இருக்கீங்க?" என்று மொத்தமாகக் குரல் கொடுத்துப் பதில் வாங்குவதால். அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது.

சரிசெய்ய என்ன செலவு? பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. ஒரு கேபிளை இடம் மாற்றினால் போதும். மோடத்தில் சொருகியிருக்கும் சுவிட்சின் கேபிளைப் பிடுங்கி, வைஃபை ரவுட்டரின் லேன் ஓட்டை ஒன்றில் சொருக வேண்டும். இப்போது மோடத்தில் தொங்குவது ரவுட்டர் மட்டும். மேசைக் கணினிகளும் லேப்டாப்களும் ரவுட்டருக்குப் பின்னால் ஒன்றாக வந்துவிட்டன. கணினிகளை ஒரு தடவை அணைத்துப் போட்டால் எல்லாமே 192.168.0 என்று ஆரம்பிக்கும். மோடத்திலேயே இருக்கும் வைஃபையை நிறுத்திவிட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் யாராவது ஒருவருடைய லேப்டாப் பழைய ஞாபகத்தில் அதில் போய் ஒட்டிக்கொண்டு மறுபடி காணாமல் போகும்.

ரவுட்டர் முதலாளி அறையிலும் சுவிட்ச் வேறு மாடியிலும் இருந்து, கேபிளை மாற்ற வழியில்லை என்றால் இரண்டாவது வழி. ரவுட்டர் அமைப்புக்குள் போய் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது. காவலாளி எழுந்து போய்விடுவார். வெறும் வைஃபை பாலம் மட்டும் மிஞ்சும். பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும். ரவுட்டருக்கு மோடத்தின் வரிசையில் யாருக்கும் கொடுக்காத முகவரி ஒன்றைக் கொடுத்து, அதன் டிஎச்சிபியை அணைத்து, மோடம் கேபிளை வான் ஓட்டையிலிருந்து எடுத்து லேன் ஓட்டையில் போடுவது. டிஎச்சிபி என்பது முகவரி வழங்கும் வேலை. அதை அணைக்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்து, காலையில் வேலை செய்த கணினி மத்தியானம் இன்டர்நெட்டே இல்லாமல் நிற்கும். இது முதல் பிரச்சினையைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

முகவரி எல்லாம் ஒரே வரிசையில் இருந்தும் தெரியவில்லை என்றால், லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தாளிகளுக்கான அந்த இணைப்பு இன்டர்நெட்டை மட்டும் கொடுக்கும். உள்ளே இருக்கும் கணினிகளைக் காட்டாது. அதற்காகத்தான் அது இருக்கிறது. ஏபி ஐசொலேஷன் என்ற ஒரு டிக் கட்டமும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது விண்டோஸின் முறை. இங்கே அது வேண்டுமென்றே வழிமறிக்கிறது, நியாயமான காரணத்தோடு. புதிய வைஃபையில் முதல்முறை சேரும்போது அதைப் பப்ளிக் என்று எடுத்துக்கொள்ளும். ரயில் நிலையத்து வைஃபையா அலுவலகத்து வைஃபையா என்று அதற்குத் தெரியாது. பப்ளிக் என்றால் ஃபயர்வால் ஃபோல்டர் பகிர்வை மூடிவைக்கும். செட்டிங்ஸில் அந்த இணைப்பைப் பிரைவேட் என்று மாற்ற வேண்டும். மேசைக் கணினியை மாற்றிவிட்டு லேப்டாப்பை மறப்பவர்கள்தான் அதிகம். வயரும் வைஃபையும் ஒத்துவராது என்ற வதந்திக்கு இது இரண்டாவது பெரிய ஊற்று.

கடவுச்சொல் விஷயம் இன்னும் வேடிக்கை. நம் ஊர் அலுவலகங்களில் பாதிக் கணினிகளுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. பொத்தானைத் தட்டினால் நேராக டெஸ்க்டாப். அப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு நெட்வொர்க் வழியாக உள்ளே வர விண்டோஸ் அனுமதிப்பதில்லை. வெற்றுக் கடவுச்சொல் இருந்தால் நேரில் உட்கார்ந்து மட்டும் பயன்படுத்து என்பது அதன் இயல்பான விதி. எதிர்முனையில், லேப்டாப்காரர் தினமும் நாலு இலக்கப் பின் போட்டுத்தான் திறக்கிறார். பகிர்வு கேட்கும் பெட்டியிலும் அதையே போடுகிறார். பின் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. இரண்டு தரப்பும் "பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன்" என்று சத்தியம் செய்துகொண்டிருக்க, திரையில் 80070035 என்று முடியும் எண்ணோ, அனுமதி இல்லை என்ற வரியோ வந்து நிற்கிறது.

ஃபோல்டர் இருக்கும் கணினியில் டிசைன் என்றோ கணக்கு என்றோ தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, ஒரு நல்ல கடவுச்சொல் கொடுத்து, எல்லோரும் அந்தப் பெயரில் உள்ளே வரலாம். பத்து நிமிட வேலை. இதற்குப் பதில் எவரிஒன் என்று போட்டு, கடவுச்சொல் கேட்பதையே அணைத்துவிடும் குறுக்கு வழியைத்தான் பல சர்வீஸ்காரர்கள் இத்தனை வருடம் செய்துவந்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த வழியை ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வருகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையில், கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவு இயல்பாகவே அடைபட்டிருக்கிறது. வரும் பொட்டலங்களில் கையொப்பமும் கட்டாயம். புது லேப்டாப் வாங்கியவுடன் "பழசுல வந்துச்சு, புதுசுல வரல" என்ற புகார் வருவது இதனால்தான். லேப்டாப்பில் கோளாறு இல்லை. பழைய கணினியின் பகிர்வு அத்தனை நாள் பூட்டில்லாமல் கிடந்தது.

இன்னும் ஒன்று, சின்னதுதான். மாதக்கணக்கில் ஓடிய பகிர்வு ஒரு திங்கட்கிழமை திடீரென்று செத்துப்போனால் பெரும்பாலும் மேசைக் கணினியின் முகவரி மாறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மின்தடை, முகவரி கொடுக்கும் பெட்டி அணைந்து எழுந்தது, வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. அதே பெட்டியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் அந்தக் கணினிக்கு ஒரே எண் என்று எழுதிவைத்துவிட்டால் தீர்ந்தது. ஸ்லீப் போடுவதையும் நிறுத்த வேண்டும். தூங்கும் கணினி யாருக்கும் ஃபோல்டரைத் திறந்து கொடுக்காது.

இனி வேகம். பகிர்வு வேலை செய்ய ஆரம்பித்த மறுநாளே "ஸ்லோவா இருக்கு, பென்டிரைவே தேவல" என்ற குரல் எழும். சில சமயம் அது உண்மைதான். கிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். ஒரு ஜிபி கோப்புக்குப் பத்து நொடி. பழைய 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 11 எம்பி. அதே கோப்புக்கு ஒன்றரை நிமிடம். சுவிட்சும் கிகாபிட், கணினியும் கிகாபிட், ஆனாலும் ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால் சந்தேகம் கேபிள் மேல் விழ வேண்டும்.

லேன் கேபிளுக்குள் நாலு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எலி கடித்தோ, கிரிம்ப் சரியில்லாமலோ, 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரே ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நம் எலக்ட்ரீஷியன்களின் ஒரு சிக்கனமும் இதில் சேரும். சுவருக்குள் போன ஒரே கேபிளைப் பிரித்து, இரண்டு ஜோடி இந்தக் கணினிக்கு, இரண்டு ஜோடி அந்தக் கணினிக்கு என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 2005-இல் அது சாமர்த்தியம். இன்றைக்கு இரண்டு கணினியும் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகின்றன. செம்பு பூசிய அலுமினியக் கம்பியை முழுச் செம்பு என்று நம்பி வாங்கிய அலுவலகங்களின் கதை தனி.

வைஃபையின் கணக்கு வேறு. டப்பாவில் 300 என்று போட்டிருந்தால் அது காற்றில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. வயரில் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும். வைஃபையில் ஒரு சானலில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஹவாய்க்காரர்கள் மல்லுக்கட்டிய அதே சிக்கல். அதனால் இரண்டு லேப்டாப்பும் வைஃபையில் இருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு கோப்பு போனால், அது ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து ஒரு தடவை என்று காற்றில் இருமுறை பயணிக்கிறது, வேகம் பாதி. ஒரு முனையை வயரில் போட்டாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். அச்சகத்தில் இன்னொரு சங்கடம்: அடுக்கி வைத்திருக்கும் அலுமினியப் பிளேட்டுகள், இரும்பு ரேக்குகள். ரவுட்டரைப் பிளேட் அறைக்குள் பாதுகாப்பாகப் பூட்டிவைப்பவர்கள் சிக்னலையும் சேர்த்தே பூட்டுகிறார்கள்.

வேகத்தைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நெட்வொர்க் வழியாகக் கோப்பை நகலெடுப்பது வேறு, அங்கேயே திறந்து வேலை செய்வது வேறு. நகலெடுக்கும்போது வைஃபை ஒரு நொடி விட்டுப்போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, அதுவும் சேமிக்கிற நொடியில் விட்டுப்போனால், பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். போட்டோஷாப் கோப்பை நம் வட்டிலேயே வைத்து வேலை செய்துவிட்டுப் பிறகு நெட்வொர்க்கில் போடுங்கள் என்று அடோபி நிறுவனமே சொல்கிறது. சிவகாசியில் அதைக் கேட்பவர் குறைவு.

கணக்கு அறையில் இது இன்னும் கடுமை. டேலி டேட்டா ஃபோல்டர் ஒரு கணினியில் இருக்கும். கோல்டு லைசென்ஸ் இருந்தால் மற்றவர்கள் லேன் வழியாக அதே டேட்டாவில் வேலை செய்வார்கள். அங்கே நாள் முழுக்கக் கோப்புகள் திறந்தபடியே இருக்கும். ஒவ்வொரு வவுச்சரும் அதில் எழுதப்படும். முதலாளி லேப்டாப்பில் ரிப்போர்ட் பார்ப்பதற்கு வைஃபை தாங்கும். பில் போடும் மேசைக்கு வயர்தான். டேட்டா இருக்கும் கணினியை வைஃபையில் வைப்பது ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று வம்பை விலைக்கு வாங்குவது.

ஒரே கோப்பை இருவர் திறப்பதும் உண்டு. எக்செல் "இன்னொருவர் திறந்திருக்கிறார்" என்று சொல்லிவிடும். எல்லா மென்பொருளும் அவ்வளவு மரியாதை தெரிந்தவை இல்லை. சிலவற்றில் கடைசியாகச் சேமித்தவர் வேலைதான் நிற்கும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "கஸ்டமர் ஓகே ஃபைனல்" என்று கோப்புப் பெயர்கள் பெருகுவதை நாம் கேலி செய்கிறோம். பூட்டு இல்லாத இடத்தில் அது தற்காப்பு. தமிழுக்கே உரிய தொல்லையும் ஒன்று இதில் உண்டு. கோப்பு பத்து நொடியில் போய்விடும், எழுத்துரு போகாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்ததை அது இல்லாத லேப்டாப்பில் திறந்தால் "இனிய புத்தாண்டு வாழ்த்துகள்" ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். எழுத்தை வெறும் வடிவமாக மாற்றச் சொல்லி "கர்வ்ஸ் ஆக்கிப் போடுண்ணே" என்ற குரல் டிசைன் அறைகளில் நாள் முழுக்கக் கேட்பது இதனால்தான். எழுத்துருக்களை ஒரே ஃபோல்டரில் பகிர்ந்து, எல்லாக் கணினியிலும் ஒரே தொகுப்பை நிறுவிவிடலாம்.

கடைசியாகப் பிளேட் அறை. அங்கேதான் அலுவலகத்தின் மிகப் பழைய கணினி இருக்கும். கணினியிலிருந்து நேராகப் பிளேட் போடும், லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய சிடிபி இயந்திரத்தோடு வந்தது. அதன் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. அதனால் இன்னும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. விண்டோஸ் கணினிகள் ஃபோல்டர் பகிர்ந்துகொள்ளும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 அக்டோபருக்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளில் அந்த முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. எனவே புது லேப்டாப்புக்கும் பிளேட் அறைக்கும் பொது மொழியே கிடையாது. எண்ணை அடித்தாலும், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் பயனில்லை.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1 என்பதை டிக் செய்தால் உடனே வேலை செய்யும். சர்வீஸ்காரர் எல்லாக் கணினியிலும் அதைச் செய்துவிட்டுப் போயிருப்பார். அது நீக்கப்பட்டதற்கான காரணத்தை உலகம் 2017 மே 12 அன்று பார்த்தது. வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தானாகவே தாவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

பழைய இயந்திரத்தைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனமில்லை. அது சோறு போடுகிறது. ஆனால் அந்த டிக் கட்டத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே கிளையன்ட், சர்வர் என்று தனித்தனியாக இருக்கும். வானாக்ரை தாக்கியது சர்வர் பக்கத்தை. அதனால் அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில், கிளையன்டை மட்டும் டிக் செய்தால் போதும். எல்லோரும் தங்கள் இறுதிக் கோப்பை அந்தக் கணினியில் ஒரு ஃபோல்டரில் போடுவார்கள். அங்கிருந்து ஒருவர் பிளேட் அறைக்குத் தள்ளுவார். பழைய கணினிக்கு இன்டர்நெட் வேண்டாம். முடிந்தால் அந்த ஒரு கணினியில் இரண்டாவது லேன் கார்டு போட்டு, பழையதை அதில் நேரடியாகச் சொருகி, மற்றவர்கள் கண்ணிலிருந்தே மறைத்துவிடலாம். தனி வயர் ஒன்று, லேன் கார்டு ஒன்று. இதற்கு மேல் செலவில்லை.

பகிர்ந்த ஃபோல்டரைப் பேக்கப் என்று நினைத்துக்கொள்பவர்களுக்கும் வானாக்ரை சம்பவத்தில் செய்தி இருந்தது. லேப்டாப்பில் இசட் டிரைவ் என்று இணைத்துவைத்திருந்தால், அந்த லேப்டாப்பில் புகுந்த பணப்பறிப்பு நிரலுக்கும் அது இசட் டிரைவ்தான்; எழுத அனுமதி இருக்கும் எல்லாவற்றையும் பூட்டிவிடும். போன வருட ஆல்பங்களைப் படிக்க மட்டும் அனுமதி என்று மாற்றிவைப்பது, வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக் கழற்றி வைப்பது இரண்டும் சேர்ந்து அரைமணி வேலை.

எக்ஸ்பி கணினிகள் இன்னும் சில வருடத்தில் தாமாகவே உயிரை விடும். அப்போதும் பிரச்சினை தீராது. சமீப வருடங்களில் வாங்கிய சிடிபி இயந்திரங்களோடு வந்தவை விண்டோஸ் 10 கணினிகள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவை எஸ்எம்பியின் புதுப் பதிப்பைப் பேசுவதால் இன்றைக்கு எல்லாக் கணினியோடும் ஒத்துப்போகின்றன; யாருக்கும் உறுத்தவில்லை. விற்ற நிறுவனத்திடம் மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஓடுமா, மாற்றித்தர என்ன வாங்குவார்கள் என்பதை அடுத்த ஏஎம்சி பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.